காட்டில் ஓர் இரவு ஆளை மாற்றுமா?

6 செப்டம்பர் 2025, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

சிறுமலையைக் களமாக வைத்து ஒரு தொடர்கதை எழுதுகிறேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஒருவரை ஒருவர் இன்னும் சரியாகத் தெரியாது. காட்டில் வழி தப்புகிறார்கள். அவன் தீ மூட்டுகிறான், புலியை விரட்டுகிறான், தன் பங்குத் தண்ணீரை அவளுக்குத் தெரியாமல் அவளுக்கே விட்டுவிடுகிறான். மூன்றாம் நாள் இறங்கி வரும்போது இருவரும் வேறு ஆட்கள். படித்துப் பார்த்த தோழி, "இதெல்லாம் கதையில்தான், காட்டில் படுத்து எழுந்தால் யாரும் மாறிவிட மாட்டார்கள்" என்கிறாள். மதுரைப் பக்கத்து மலைகளில் நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மாறுமா, மாறாதா?

6 செப்டம்பர், இரவு 9.50

மாறும். நானும் என் கணவரும் சிறுமலைச் சரிவில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டோம், 2015 தை மாதம். மூன்று நாள் வேண்டாம், பன்னிரண்டு மணி நேரம் போதும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற தீ, புலி, தண்ணீர் மூன்றுமே தப்பு. புலியை இப்போதே எடுத்துவிடுங்கள். அந்த மலையில் யாரும் புலிக்குப் பயப்படுவதில்லை, காட்டுமாட்டுக்குத்தான் பயப்படுவார்கள். தண்ணீர் விஷயத்தை நிதானமாகத்தான் எழுத வேண்டும், அதற்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

7 செப்டம்பர், காலை 11.20

முதலில் இடம். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் உங்கள் ஜோடி திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே போய்த் தொலைகிறது. மேலே தொலைவது கஷ்டம். அங்கே ஊர் இருக்கிறது, பஸ் போகிறது. காப்பி, மிளகு, எலுமிச்சை, மலைவாழை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு தோட்டத்து வேலி வந்துவிடும். தொலைய வேண்டுமென்றால் மதுரையைப் பார்த்த தெற்குச் சரிவுக்கு வாருங்கள். வாடிப்பட்டிக்கும் பாலமேட்டுக்கும் மேலே நிற்பது அதே மலைதான். முள்ளும் பாறையும் இடுப்பளவு புல்லுமாகக் காய்ந்த காடு.

என் ஊர் பாலமேட்டுக்குப் பக்கம். அவர் மதுரை செல்லூர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். ஆவணியில் கல்யாணம், தையில் தலைப்பொங்கலுக்கு வந்திருந்தோம். அந்த வருஷம் ஜல்லிக்கட்டு இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டிருந்தது. மாட்டுப்பொங்கல் அன்றைக்குப் பாலமேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வருஷம் வாடிவாசல் முன்னால் நாய் படுத்திருந்தது. மாப்பிள்ளைக்குக் காட்ட ஊரில் ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று எனக்கு உறுத்தல். அதனால் மறுநாள், 17ஆம் தேதி, மலையைக் காட்டுகிறேன் என்று நானே கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாவிடம் சொன்னது, "அடிவாரத்துக் கருப்பு கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றோம்." மனதில் இருந்தது அதற்கும் மேலே ஒரு சுனை. சின்ன வயதில் அப்பத்தாவோடு விறகுக்கு ஏறும்போது தண்ணீர் குடித்த சுனை. கையில் இருந்தவை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டிபன் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல், கற்பூரம், தீப்பெட்டி, அவருடைய பட்டன் செல்போன். சுடிதாருக்கு மேலே நான் போட்டிருந்தது அத்தை எடுத்துக்கொடுத்த மரூன் கலர் சுங்குடித் துப்பட்டா.

பன்னிரண்டு வயதில் நான் பார்த்த தடம் தலையில் வகிடு எடுத்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. விறகுக்கு ஏறும் கால்கள் குறைந்தன, ஆடுகளும் குறைந்தன, உண்ணிச்செடி வந்து தடத்தை மூடிவிட்டது. அந்தச் செடி வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து அழகுக்கென்று இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்கு மலை மலையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் எந்தப் பக்கம் நுழைந்தோம் என்பதே தெரியாது. அவர் இரண்டு தடவை, "திரும்பிரலாமா?" என்று கேட்டார். "எங்க ஊரு மலைங்க, எனக்குத் தெரியாதா?" என்று நான் முன்னால் நடந்தேன்.

ஐந்து மணிக்குத் திரும்பும்போது காட்டுமாடு. முதலில் தெரிந்தது கால்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நான்கு கால்கள் புல்லுக்குள் நின்றன. அப்புறம் மேலே பார்த்தால் கறுப்பாக ஒரு பாறை மூச்சு விடுகிறது. ஆண் மாடு ஆயிரம் கிலோவரை வளரும். நான் அவர் கையைப் பிடித்து, "அசையாதீங்க" என்றேன். பாறைக்குப் பின்னால் அப்படியே நின்றோம். அது போக முக்கால் மணி நேரம் ஆனது. தை மாதத்தில் ஆறே காலுக்குப் பொழுது விழுந்துவிடும். அவசரமாக இறங்கும்போது அவர் கால் பிசகியது. நான் தாங்கிப் பிடிப்பதற்குள் கணுக்கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

7 செப்டம்பர், மதியம் 3.05

ஒன்று விட்டுவிட்டேன். அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ஏறினோம், அது தப்புதான். ஊர்க்காரி என்பதால் எனக்கு அது தப்பாகவே படவில்லை.

9 செப்டம்பர், இரவு 10.30

தீ பற்றி.

எங்களிடம் தீப்பெட்டி இருந்தது, கற்பூரம் இருந்தது, சுற்றிலும் காய்ந்த புல். குளிர் எலும்பில் ஏறியது. கீழே வாடிப்பட்டிப் பக்கம் விளக்குகள் மினுமினுவென்று தெரிந்தன, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அமாவாசைக்கு மூன்று நாள் இருந்ததால் நிலா கிடையாது. அவர் சொன்னார், "ஒரு கட்டை போட்டுக் கொளுத்துனா ஊருக்கே தெரியுமே." நான்தான் வேண்டாம் என்றேன். மலையில் தீ மேல்நோக்கி ஓடும். சரிவில் நிற்கும் புல்லைக் கீழே எரியும் சூடு முன்னாலேயே காய்ச்சிவிடுகிறது, பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். நடக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவது?

ஒரே ஒரு கற்பூரம் மட்டும் ஏற்றினேன். புல் இல்லாத வெறும் பாறைமேல், இரண்டு பேரும் கையைக் கூட்டிக் காற்றை மறைத்துக்கொண்டு. அவர் காலைப் பார்ப்பதற்காக. கணுக்காலின் வெளிப்புறம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டு இருந்தது, செருப்பு வார் பதிந்த கோடு பள்ளமாகத் தெரிந்தது. கற்பூரம் ஒரு நிமிஷம் எரிந்திருக்கும். அது அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாதத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காயத்தோடு பலரை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களில் புதுமணத் தம்பதியும் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. தயவுசெய்து உங்கள் கதாநாயகன் கையில் தீ கொடுக்காதீர்கள். இளம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

குளிருக்கு என்ன செய்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த பாறை இரவு எட்டரை, ஒன்பதுவரை வெதுவெதுப்பாக இருந்தது. அதை நம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் அதே பாறை உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்தது. காய்ந்த புல்லைப் பிடுங்கி அரை முழ உயரம் கீழே பரப்பி அதன்மேல் உட்கார்ந்தோம். மேலே போர்த்துவதைவிடக் கீழே போடுவதுதான் முக்கியம். துப்பட்டா ஒன்று, அவர் சட்டை ஒன்று, இரண்டு உடம்பு. கட்டிப்பிடித்துக்கொண்டோமா என்று கேட்காதீர்கள், வேறு வழியே கிடையாது. பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

10 செப்டம்பர், காலை 7.10

இறங்கியிருக்கலாமே, விளக்குதான் தெரிந்ததே என்று ஒருவர் கேட்கிறார். விளக்குக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். வரும், நடுவில் முப்பது அடி செங்குத்தும் வரும். தொலைந்தது தெரிந்தவுடனே நின்றுவிட வேண்டும். நகர நகரத் தேடுகிறவர்களுக்கு வேலை அதிகம். எங்களை முதலில் தேடிய என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ராத்திரி பூராவும் கருப்பு கோயிலைச் சுற்றியே டார்ச் அடித்தார்கள். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தது அந்த இடம்தானே. உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து மணிக்குள் ஆள் வந்திருக்கும்.

14 செப்டம்பர், இரவு 11.15

தண்ணீர். நான்கு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

இருட்டும்போது பாட்டிலில் கால்வாசி இருந்தது. கணக்கு எழுதுகிறவர் இல்லையா, பாட்டில் மூடியை அளவாக வைத்துக்கொண்டார். "கால் லிட்டர்னா நாப்பது மூடி வரும். மணிக்கு ஆளுக்கு ஒரு மூடி. விடியறதுக்குள்ள இருபத்துநாலு. மிச்சம் பதினாறு காலைல எறங்கும்போது." லேபிளில் மட்டத்துக்கு நேராக நகத்தால் கோடு கிழித்தார். மணிக்கு ஒரு தடவை செல்போன் வெளிச்சத்தைப் போடுவார், மூடியில் ஊற்றிக் கொடுப்பார், அணைத்துவிடுவார். நாங்கள் குடிப்பது இருட்டில்.

நான் குடிக்கவில்லை. உதட்டில் வைத்து எடுத்துவிட்டு, பாட்டிலை வாங்கி மூடுகிற சாக்கில் திரும்ப உள்ளே விட்டுவிடுவேன். அவருக்கு அடிபட்டிருக்கிறது, ஆம்பளை, தாகம் தாங்கமாட்டார் என்று ஒரு நினைப்பு. இது எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் அம்மா எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியைப் பார்ப்பார். இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் "எனக்குப் பசிக்கல". நானும் செல்லூர் வீட்டில் ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசித் தோசை யாருக்கு என்று வந்தால் எனக்கு எப்போதும் வயிறு நிறைந்திருக்கும்.

ஒரு மணி இருக்கும். வெளிச்சத்தைப் போட்டவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "ஏழு மூடி அதிகமா இருக்கே" என்றார். முதலில் தான்தான் ஊற்ற மறந்துவிட்டோமோ என்று யோசித்தார். அப்புறம் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார். உதட்டைப் பார்த்திருப்பார், வெடித்துப்போய் இருந்தது.

ஐந்து மாதத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கத்தினார். "என்னால நடக்க முடியாது. விடிஞ்சதும் நீதான் எறங்கிப்போய் ஆள் கூட்டிட்டு வரணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். நீ தண்ணி குடிச்சிருக்கேன்னு நம்பித்தான் அந்தக் கணக்கு. பாதி வழில நீ மயங்கி விழுந்தா உன்னைத் தேடி நான் எப்படி வருவேன்?"

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. விட்டுக்கொடுப்பது நல்லது என்பதற்கு மேல் யோசித்ததில்லை. எனக்கும் கோபம் வந்தது. "உனக்காகத்தானடா செஞ்சேன்" என்று கத்திவிட்டேன். நீ, அதிலும் டா. இரண்டு பேரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நான், "எனக்குத் தாகமா இருக்கு" என்றேன். கல்யாணமானபின் என் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒவ்வொரு மூடியாக ஊற்றிக் கொடுத்தார், ஏழு மூடி. எண்ணிக்கொண்டே கொடுத்தார்.

அப்புறம் அவர் சொன்னார், "எனக்கு இருட்டுன்னா பயம். வீட்டுல நடுக்கூடத்து லைட்ட அணைக்காமப் படுக்கிறது அதுக்குத்தான். கரண்ட் பில்லுக்குன்னு நீ அணைக்கிறப்பல்லாம் நான் தூங்கினதே இல்ல." அதற்குமேல் விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். நான்கு மணிக்கு மேல் கிழக்கே கீற்றாக நிலா வந்தது. வெளிச்சம் என்று சொல்லமுடியாது. ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது, கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

15 செப்டம்பர், மாலை 5.40

மேலே எழுதியதை அவர் படித்தார். ஒரு திருத்தம். முதல் "நீ" ராத்திரி ஒரு மணிக்கு வரவில்லையாம். காட்டுமாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். நான் "அசையாதீங்க" என்று சொன்னதாக 7ஆம் தேதி எழுதியிருக்கிறேன். நான் சொன்னது "அசையாத" என்கிறார். "அவ்வளவு பயத்துலயும் எனக்கு அது நல்லாக் கேட்டுச்சு, சந்தோஷமாக்கூட இருந்துச்சு" என்கிறார். பத்து வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறார். இன்றைக்கும் அத்தை முன்னால் "ஏங்க"தான், தனியாக இருக்கும்போது "நீ"தான். செல்போனில் கூப்பிடும்போது நான் சொல்லும் வார்த்தையை வைத்தே பக்கத்தில் அத்தை இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார்.

15 செப்டம்பர், இரவு 9.25

மான் பாட்டை எடுத்துப் போட்டவருக்கு. ஐந்திணை ஐம்பது என்ற பழைய பாட்டு நூலில் வருவது. பாலைநிலத்துச் சுனையில் கொஞ்சம்போலத் தண்ணீர், இரண்டு மானுக்குப் போதாது. பெண்மான் நிறையக் குடிக்கட்டும் என்று ஆண்மான் குடிப்பதுபோலப் பாவனை செய்கிறது. "இதுதானே தமிழ்க் காதல், நீங்கள் செய்தது அதுதானே, அதைப்போய்த் தப்பு என்கிறீர்களே" என்று கேட்கிறீர்கள்.

அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா நடத்தியபோது அழுதிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மூடியை உதட்டில் வைத்தபோது அந்த மான்தான் என் மனதில் இருந்தது. நான் அந்த மானாக இருப்பதாக எனக்கு ஒரு நிறைவு. அந்தப் பாட்டை இப்போதும் நேசிக்கிறேன். தலைவன் போன வழியில் இப்படி மான்கள் இருக்கும், பார்த்தால் அவனுக்கு அவள் ஞாபகம் வரும் என்கிற ஆறுதல்தான் அந்தப் பாட்டு என்று படுகிறது. ஆனால் மறுநாள் இரண்டு மானும் பாலையைத் தாண்டி நடந்தாக வேண்டும். தாகத்தோடு ஆண்மான் விழுந்துவிட்டால் பெண்மான் என்ன ஆகும்? அதற்குத் தெரிந்திருந்தால் அதுவும் என் கணவரைப்போலத்தான் கத்தியிருக்கும். அந்தப் பாட்டுக்குள்ளேயே "கள்ளத்தின் ஊச்சும்", அதாவது கள்ளமாக உறிஞ்சும், என்றே இருக்கிறது. கள்ளம் என்ற சொல் எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

காட்டில் காதலர்களைக் கொண்டுபோய் விடுவது வெளிநாட்டுக் கதைக்காரர்கள் பழக்கம் என்று எழுதியவருக்கும் இதே பதில்தான். உடன்போக்கு என்று நமக்கு ஒரு துறையே இருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பிய இருவர் பாலைவழியில் நடப்பதை நம் ஆட்கள் எத்தனை விதமாகப் பாடிவைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுச் சரக்கு என்று சொல்லாதீர்கள்.

17 செப்டம்பர், காலை 6.30

மலையேறுகிறவர் ஒருவர் எழுதியிருப்பது சரி, எங்கள் மூடிக் கணக்கே தப்பு. தண்ணீரைப் பாட்டிலில் சேமித்து வைத்துக்கொண்டு தாகத்தில் கிடக்கக் கூடாது. தாகம் எடுத்தால் குடித்துவிட வேண்டும், உடம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான் உதவும். மிச்சப்படுத்த வேண்டியது வேர்வையை. வெயிலில் நடக்காமல் நிழலில் இருப்பது, தண்ணீர் இல்லாதபோது சாப்பாட்டைக் குறைப்பது. நாங்கள் ராத்திரி சர்க்கரைப் பொங்கலைத் தின்று தாகத்தை இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டோம்.

ஆக, கணக்கு தப்பு. ஆனால் தப்புக் கணக்கிலும் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தால்தானே தப்பு எங்கே என்று தெரியும்? இதை அவரிடம் சொன்னேன். "அது எல்லாக் கணக்குக்கும் உள்ளதுதான்" என்றார்.

21 செப்டம்பர், மதியம் 2.50

விடிந்தபின் நடந்தது.

ஆறு மணிக்கு இலையெல்லாம் பனி. பாட்டிலில் மிச்சம் கொஞ்சம்தான். துப்பட்டாவை எடுத்துப் புல்லின் மேலும் அகலமான இலைகளின் மேலும் மெதுவாக ஒற்றிக்கொண்டே நடந்தேன். தேய்த்தால் பனி கீழே கொட்டிவிடும், குழந்தை முகம் துடைக்கிற மாதிரி ஒற்ற வேண்டும். எருக்கு, கள்ளி, உண்ணிச்செடி இவற்றைத் தொடவில்லை. நனைந்ததும் டிபன் டப்பா மூடியில் பிழிந்தேன். நல்ல பருத்தி, சரசரவென்று உறிஞ்சியது. சுங்குடிச் சாயம் லேசாக இறங்கி, தண்ணீர் நீர்த்த பானக்காரம் நிறத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூடியால் அளந்தார், பதினோரு மூடி. "ஆறு உனக்கு, அஞ்சு எனக்கு. எறங்கப்போறது நீ" என்றார். நான் மறுக்கவில்லை. ஆறையும் குடித்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் டப்பா மூடியைக் கல்லால் தட்டினேன். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. தொண்டை வறண்டு கத்த முடியவில்லை. முக்கால் மணி நேரம் தட்டியிருப்பேன். கீழேயிருந்து ஒரு குரல், "யாரது தட்டுறது?" விளக்குமாற்றுக்கு ஈச்ச ஓலை அறுக்க வந்த பெரியவர். மேலே வந்து எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தலைச் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியைத் திறந்தார். நீச்சத்தண்ணி, சின்ன வெங்காயம். "மொதல்ல யாருக்கு தாயி?" என்றார்.

"எனக்கு" என்று கையை நீட்டினேன்.

பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நொண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷனையும் பார்த்தார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "குடுங்கய்யா, அவதான் எறங்கி ஆள் கூட்டிட்டு வரணும்" என்றார். அந்த நீச்சத்தண்ணியில் கல் உப்பு முழுக்கக் கரையாமல் அடியில் கிடந்தது. கடைசி வாயில் அது நாக்கில் பட்டது, இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது.

இறங்கும்போது பெரியவர் ஒரு பாறையைச் சுற்றிக் கூட்டிப்போனார். அங்கே இருந்தது நான் தேடிய சுனை. நாங்கள் ராத்திரி உட்கார்ந்திருந்த பாறைக்கு நேர்கீழே, கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் செங்குத்து. இருட்டில் இறங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

22 செப்டம்பர், காலை 8.00

சாயத் தண்ணீர் குடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. வேறு துணி இல்லாததால் செய்தது.

உங்கள் கதையில் இன்னும் இரண்டு இடம். தை மாதத்தில் களாப்பழம் தின்கிறார்கள். களா அப்போது பழுக்காது, இலந்தை பழுக்கும். தெரியாத எதையும் தின்னவே வேண்டாம். எட்டிக்காய் பார்க்க ஆரஞ்சுப்பழம் மாதிரி அழகாக இருக்கும், கொல்லும். செங்காந்தள் நம் மாநிலப் பூ, அதன் கிழங்கும் கொல்லும். அப்புறம் அவனைப் பாம்பு கடித்து அவள் வாயால் விஷத்தை உறிஞ்சுகிறாள். அதை வெட்டிவிடுங்கள். கடிவாயைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. காலை ஆட்டாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

28 செப்டம்பர், இரவு 10.05

"சரி, ஒரு ராத்திரியில் மாறினீர்கள். அப்படியே இருந்தீர்களா?" என்று உங்கள் தோழி கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பத்து நாளாக யோசித்தேன்.

மலையில் "எனக்கு" என்று சொன்னது சுலபம். செல்லூர் வீட்டில் அதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. செல்லூருக்குத் திரும்பிய அன்றைக்கு ராத்திரியே கடைசித் தோசை வந்தது. "எனக்கு வேணாம் அத்தை" என்றுதான் வாய் தானாகச் சொல்லியது. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தனை மூடி?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அந்தத் தோசையை எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் எத்தனையோ நாள் பொய் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ நாள் அவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இப்போது அத்தையும் கேட்கிறார். மூட்டுவலியை மறைத்துக்கொண்டு அத்தை மாடிப்படி ஏறினால் நானும் கேட்கிறேன். நடுக்கூடத்து விளக்கு ராத்திரி எரிகிறது, சின்ன பல்பாக மாற்றிவிட்டோம்.

ஆக, 6ஆம் தேதி நான் "மாறும்" என்று ஒரே சொல்லில் அடித்து எழுதியது அதிகம். அன்றைக்கு வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்தது. அதைத் திரும்ப உள்ளே போகவிடாமல் பார்த்துக்கொண்டது வீட்டில்தான். உங்கள் ஜோடி மலையிலிருந்து இறங்குவதோடு கதையை முடிக்காதீர்கள். வீட்டுக்குள் வந்து சாப்பிட உட்காரட்டும்.

29 செப்டம்பர், காலை 7.45

மலைக்குத் திரும்பப் போனீர்களா என்று கேட்டவருக்கு: சுனைக்குப் போகவில்லை. குரங்கணிக்கு அப்புறம் விதிகள் கடுமையாகிவிட்டன, அது நியாயம்தான். 2024 அக்டோபரில் அரசே நாற்பது மலைப்பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டிருக்கிறது. காடு பார்க்க ஆசை உள்ளவர்கள் அதில் பதிவு செய்துகொண்டு போகலாம். எங்கே போகிறோம் என்று வீட்டில் சரியான இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

5 அக்டோபர், இரவு 9.30

திருத்திய அத்தியாயத்தை அனுப்பியிருந்தீர்கள், இருவரும் சேர்ந்து படித்தோம். தீ போய்விட்டது, புலி போய்விட்டது. அவன் விட்டுக்கொடுப்பதை அவள் கண்டுபிடித்துச் சண்டை போடுகிறாள். எங்கள் கதையில் அது தலைகீழ், ஆனால் பரவாயில்லை, உங்கள் கதை உங்களுடையது. அவள் "பொய் சொல்லாத, எவ்வளவு குடிச்சே?" என்று கேட்கிற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அவள் மூடியில் குடித்துவிட்டு உடனே திருப்பிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கொடுக்க முடியாது. மூடியின் உள்பக்கம் திருகுவதற்காக வளையம் வளையமாகப் பள்ளம் இருக்கும் அல்லவா, கடைசிச் சொட்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. நாக்கை விட்டுச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாசம் அடிக்கும், விளிம்பு நாக்கைக் கீறும். அவன் அவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கட்டும்.